மழைக்காலமும் வான்கோழி வளர்ப்பும்



பள்ளித் தோட்டத்தில் காய்கறியோடு வான்கோழியும் வளர்க்கலாம் என்னும் எண்ணம் பெற்றோர் சிலரிடம் எழுந்துள்ளது. உயிருள்ள பொருளே சிறந்த பயிற்றுத்துணைப்பொருள் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றவன் நான். ஆகவே இதனை வரவேற்கிறேன். மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடும் பறவையாக மட்டுமே வான்கோழியை அறிந்த மாணவர்கள், அதனை நேரில் காண்பது நன்று. ஆயினும், நம் ஜொகூர் மாநிலத்தில் அதனை வளர்க்க முனைவோர் முதலில் மழைக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வான்கோழி குளிருக்கு அஞ்சும் பறவை அன்று. அதன் தாயகமாகிய வட அமெரிக்காவில், காட்டு வான்கோழிகள் பனிக்காலத்திலும் மரக்கிளைகளிலேயே உறங்குகின்றன. வளர்ந்த பறவையின் இறகு உலர்ந்திருக்கும்வரை குளிர் அதனை எளிதில் வருத்தாது. ஈரமே அதற்குப் பகை. நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆனால், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம்.

குஞ்சுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதல் வாரத்தில் அவற்றுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நனைந்த குஞ்சு உடற்சூட்டை இழந்து விரைவில் மடியக்கூடும். எனவே, கூண்டின் தளம் தரையினின்று உயர்ந்திருத்தல் வேண்டும்; சாரல் அடிக்கும் பக்கத்தை மறைத்து, மேற்புறம் காற்றோட்டம் விடுதல் வேண்டும்; ஈரமான மரத்தூளை உடனே மாற்றுதல் வேண்டும். நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்த்தல் கூடாது. கருந்தலை நோயின் கிருமியைக் கோழி பெரும்பாலும் அறிகுறியின்றிச் சுமக்கும். வான்கோழிக்கோ அது உயிர்க்கொல்லி. கோழி மேய்ந்த மண்ணிலும் அக்கிருமி புழு முட்டைகளுக்குள் நெடுநாள் தங்கும்.

இவற்றையெல்லாம் பள்ளி நாளில் செய்துவிடலாம். டிசம்பர் விடுமுறையில் செய்பவர் யார்? மழை வலுக்கும் நாளில்தான் பள்ளி வாயில் பூட்டப்படுகிறது. பாதுகாவலரிடம் தீனிச் சாக்கை ஒப்படைத்துச் செல்வது வளர்ப்பு ஆகாது. பட அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டலாம். உயிரை அவ்வாறு பூட்டி வைக்க இயலுமா?

ஆதலால், என் கருத்து இதுவே: விடுமுறை நாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர் எனப் பெயர் குறித்த அட்டவணை முதலில் நிறைவு பெறட்டும், அதன் பின்னரே குஞ்சு வாங்குவோம். பெயர்கள் நிரம்பாவிடில், தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போதும். பறவை வளர்ப்பின்வழி பிள்ளைகள் பொறுப்புணர்வைக் கற்க வேண்டும் என விரும்புகிறோம். அப்பொறுப்பை முதலில் ஏற்க வேண்டியவர்கள் நாமே அன்றோ?

சிந்திப்போம், செயற்படுவோம்.