டல்லாஸ் டைரி: மழைக்கு ஒரு கவுண்டர்

அசைன்மெண்ட் முடிக்க வேண்டிய ராத்திரியில ரூம்மேட்டோட மைன்கிராஃப்ட் ஆட உட்கார்ந்தேன் மக்களே. வீட்டுக்குக் கூரை போடறதுக்குள்ள மழை பிடிச்சிக்கிச்சு. "எப்போடா விடும்?"னு கேட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் ஆச்சே, விளக்க ஆரம்பிச்சிட்டான்.

மேகம், காத்தழுத்தம் எல்லாம் கணக்குலயே இல்லை. உள்ளே ரெண்டு கவுண்டர் ஓடுது, மழைக்கு ஒண்ணு, இடிக்கு ஒண்ணு. மழை விட்டதும் 12,000-லேர்ந்து 1,80,000-க்குள்ள ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது நொடிக்கு 20 வீதம் குறைஞ்சு பூஜ்யமானா அடுத்த மழை. அதாவது பத்து நிமிஷத்துலயும் வரலாம், ரெண்டரை மணி நேரமும் ஆகலாம். வந்தா 10-லேர்ந்து 20 நிமிஷம் பெய்யும். ரெண்டு கவுண்டரும் ஒண்ணா அமைஞ்சா இடிமழை. பாலைவனத்துல வானம் மட்டும் மூடும், சொட்டு விழாது.

இன்னொண்ணு சொன்னான்: ராத்திரி கட்டில்ல படுத்துத் தூங்கி எழுந்தா மழை நின்னுடுமாம்!

சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை.

2015 டிசம்பர் 1, தாம்பரம். ஒரே நாள்ல 49 செ.மீ. நான் அப்போ ஸ்கூல் பையன். அப்பா டார்ச் அடிச்சு, தண்ணி எத்தனை படி ஏறியிருக்குன்னு எண்ணிக்கிட்டே இருந்தார். "நீ தூங்குடா, காலையில விட்டுடும்"னாங்க அம்மா. எழுந்தப்போ தண்ணி கட்டில் காலைத் தொட்டிருந்தது.

இப்பவும் அங்க மழைன்னா போன்ல அதேதான். "லேசாத்தான் தூறுது, நீ தூங்கு."

சரிம்மான்னு வச்சிட்டு, சென்னை ரேடார் படத்தைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருப்பேன். அசைன்மெண்ட்டா? அது நாளைக்கு :-)