அளவைப் பூட்டுங்கோ, உலோகத்தைத் திறந்து விடுங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில் "ரைட் டு ரிப்பேர்" பற்றிக் கதைச்சம். கடைசியில் நான் ஒரு கார் உதாரணம் சொல்லத் தொடங்க, நேரம் முடிஞ்சு போச்சு. அதை இங்கே முழுசா எழுதுறன். ஃபோன் பற்றரி மாத்திறதிலும் பார்க்க இது கொஞ்சம் பாரதூரமான விஷயம்.

என்ர நண்பன் ஒருத்தன் வார இறுதியில் கிளப் ரேஸ் ஓடுறவன். கார் 1987 போர்ஷ 944. போர்ஷ எண்டதும் காசுக்காரன் எண்டு நினைக்காதேங்கோ. 944 ஐ 1982 முதல் 1991 வரை நிறையச் செய்தவை. ரேஸ் ஓடத் தொடங்கிறவன் கையில் அகப்படுற போர்ஷ கனகாலமா அதுதான். போன வசந்தத்தில் காரை ஜாக்கியில் தூக்கி, முன் சில்லை மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தம். "டக்" எண்டு ஒரு சின்னச் சத்தம். கொன்ட்ரோல் ஆர்ம் முடிஞ்சுது.

கொன்ட்ரோல் ஆர்ம் எண்டால் காரின் உடம்பையும் சில்லையும் இணைக்கிற கை. உடம்புப் பக்கத்தில் ரப்பர் புஷ்கள். சில்லுப் பக்கத்தில் போல் ஜொயின்ட், அதாவது எங்கட தோள் மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள் உருளுற ஒரு பந்து. 944 இன் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை. அதில் மேல் கை கிடையாது. கீழே சில்லைத் தாங்கிப் பிடிக்கிறது இந்த ஒரு கைதான். நேர் ரோட்டின் முடிவில் பிரேக்கை அழுத்தும்போது பந்தின் காம்பு முறிஞ்சால் சில்லு மடிஞ்சு உள்ளே போகும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆரம்ப 944 களில் இருந்தது ஸ்டீல் தகட்டில் அழுத்திச் செய்த, வொக்ஸ்வாகன் குடும்பத்து ஆர்ம். 1985 நடுப்பகுதியில் வார்ப்பு அலுமினிய ஆர்ம் வந்தது. அதில் போல் ஜொயின்ட் ஆர்மோடேயே சேர்ந்தது. பந்து தேய்ஞ்சால் தொழிற்சாலைக் கணக்குப்படி முழு ஆர்மையும் மாத்த வேணும். ரோட்டில் ஓடுற காருக்கு அது சரி. ரேஸுக்குக் காரைப் பதிச்சால்தான் பிரச்சினை. உடம்பு கீழே இறங்க, ஆர்மின் சில்லுப் பக்கம் மேலே நிமிரும். பந்தின் காம்பு சாயக்கூடிய எல்லைக்கே போய்க் கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு மேடு பள்ளமும் காம்பை வளைக்கும். ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வளைச்சால் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். 944 ஓடுற ஆக்களிடம் கேட்டால், இது பழைய, தெரிஞ்ச நோய் எண்டுதான் சொல்லுவினம்.

இதுக்கு மருந்தும் இருக்கு. கூடுதலாச் சாயக்கூடிய, பந்தைத் தனியா மாத்தக்கூடிய, ஸ்டீலில் ஒட்டிச் செய்த ஆர்ம்கள் சந்தையில் கிடைக்குது. நண்பன் தன்ர கிளப்புக்கு எழுதிக் கேட்டான். வந்த பதில் ஒரு வரிதான்: தொழிற்சாலைப் பாகம் மட்டும்.

அந்தப் பதிலை முட்டாள்தனம் எண்டு தள்ள எனக்கு மனம் வரேல்லை. கிளப் ரேஸ் விதிகளின்ர அடிப்படையே, "செய்யலாம்" எண்டு எழுதாத எதையும் செய்யக்கூடாது எண்டதுதான். காரணம் காசு. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே பாகம் எண்டால்தான் சாதாரணச் சம்பளக்காரனும் வெல்லலாம். ஆர்மைத் திறந்து விட்டால் ஒருத்தன் நீளத்தை மாத்திச் சில்லைச் சரிப்பான், இன்னொருத்தன் கிராம் கணக்கில் எடையைக் குறைப்பான். அடுத்த வருஷம் எல்லாரும் வாங்கியே ஆக வேணும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. சந்தையில் விக்கிற சில ஆர்ம்களில் காம்பு நீளம். அது முறிவை மட்டும் தடுக்கேல்லை, காரைப் பதிச்சதால் கீழே போன ரோல் சென்டரையும் மேலே கொண்டு வருது. அதாவது வளைவில் கார் சாயிறது குறையும். பாதுகாப்பு எண்டு சொல்லி வேகத்தை வாங்குற வழி அது. கிளப் பயப்பிடுறதில் நியாயம் இருக்கு.

ஆனாலும் என்ர முடிவு: விதி பிழையான இடத்தில் பூட்டுப் போட்டிருக்கு. உங்களில் கனபேர் கோட் எழுதுற ஆக்கள், உடனே விளங்கும். இன்டர்ஃபேஸைப் பூட்ட வேணும், இம்ப்ளிமென்டேஷனைத் திறந்து விட வேணும். புஷ் துளைகளின்ர இடமும் பந்தின் மையம் இருக்கிற இடமும் தொழிற்சாலை அளவில், மில்லிமீட்டர் கணக்கில் நிக்க வேணும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு கூடாது. எடை பழைய ஆர்மிலும் குறையக்கூடாது. காம்பு நீளம் மாறக்கூடாது, ஆனால் கிண்ணம் எவ்வளவு சாயவும் விடலாம். இவ்வளவையும் பூட்டினால் ஆர்ம் ஸ்டீலா, அலுமினியமா, ஆர் செய்தது எண்டதெல்லாம் லாப் நேரத்தில் தெரியாது. வேகம் கூடாட்டி ஒருத்தரும் வாங்க வேணும் எண்ட கட்டாயமும் இல்லை.

"ஆர் செக் பண்ணுறது?" எண்டு கேப்பினம். ஒரு இரும்புத் தகடு, அதில் சரியான இடத்தில் மூண்டு துளை போதும். ஆர்மைக் கழட்டி வைச்சுப் பார்த்தால் பொருந்தும், அல்லது பொருந்தாது. வாதமே வராது.

இதிலும் மலிவான வழி ஒண்டு இருக்கு எண்டதையும் ஒத்துக்கொள்ளுறன். காரின் உயரத்துக்கு ஒரு கீழ் எல்லையை வைச்சு, அதைக் கொஞ்சம் கூட்டினால் காம்பு முட்டாது. ஒருத்தருக்கும் ஒரு சதம் செலவில்லை. நாளைக்கே செய்யலாம், செய்யவும் வேணும். ஆனால் அது வயசைக் குறைக்காது. கடைசி 944 க்கே முப்பது வயசு தாண்டிப் போச்சு. கார் உடைக்கிற யார்டில் இருந்து எடுத்த ஆர்ம் எத்தினை பள்ளத்தில் விழுந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடிப்பட்ட வார்ப்பைச் "சட்டப்படி சரி" எண்டும், புதுசா, அதே அளவில் செய்த பலமான ஆர்மைக் "களவு" எண்டும் சொல்லுற விதி, தான் எதுக்காக எழுதப்பட்டது எண்டதையே மறந்து போச்சு. செலவைக் குறைக்க வந்த விதி ஆளைப் பலி கேக்கக்கூடாது.

யூனியில் ஃபோர்முலா எஸ்.ஏ.இ. டீமில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆர்மை நீங்களே வரைஞ்சு, நீங்களே ஒட்டுறீங்கள். கிளப் ரேஸுக்கு வந்தால் அந்தச் சுதந்திரம் இல்லை, ஆனால் உங்கட அறிவு அங்கேதான் தேவை. விதிக் குழுவில் இருக்கிறவையும் எங்களை மாதிரி வார இறுதி ஆக்கள்தான். "இதை விடுங்கோ" எண்டு மட்டும் எழுதினால் "இல்லை" எண்டுதான் வரும். வரைபடத்தோட, அளவோட, செக் பண்ணுற தகட்டோட எழுதுங்கோ.

நண்பன் இப்ப அப்பிடித்தான் எழுதிக்கொண்டிருக்கிறான். பதில் வரும்வரை காரைக் கொஞ்சம் உயர்த்தி, புதுசா வாங்கின தொழிற்சாலை ஆர்மோட ஓடுறான். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் சில்லைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கிறது என்ர வேலை.