ஒளிப்படத்தில் நிற்பவள் பயனர் அல்லள்

மென்பொருள் துறையில் பணியாற்றும் நம்மவரிடையே அண்மைக்காலமாக ஒரு கருத்து மிகுந்த தன்னம்பிக்கையுடன் உலவுகிறது. தேவை ஆவணம் எழுதுவது பழங்காலத்து வழக்கமாம். ஓடும் நிரலே ஆவணமாம். இனி நிரலையும் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும் என்பதால், வேண்டியதை இரண்டு வரியில் சொன்னால் போதுமாம். இக்கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். நான் ஆய்வு செய்வது தேவைப் பொறியியலில் என்பதால், பிழைப்புக்காக மறுக்கிறேன் என எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும். பதிவு நீளமானது, பொறுமையுள்ளோர் மேலே செல்க.

ஊரக வேலை உறுதித் திட்டத்துக்காக, அதாவது நாம் நூறு நாள் வேலை என்று வழங்கும் திட்டத்துக்காக, ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதத்தில் என்.எம்.எம்.எஸ். என்னும் கைப்பேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. 2022 மே முதல், 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் பணித்தளங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாத் தளங்களிலும் கட்டாயமாயிற்று. மேட் எனப்படும் பணித்தளப் பொறுப்பாளர், நாளுக்கு இருமுறை தொழிலாளரை நிறுத்திவைத்து, இடக்குறியுடன் படமெடுத்து ஏற்ற வேண்டும். போலி வருகைப் பதிவை ஒழிப்பதே நோக்கம். அந்நோக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. போலி மஸ்டர் ரோல் என்பது கட்டுக்கதை அன்று.

இனி, 2025 ஜூலை 8 அன்று அதே அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பாருங்கள். வேலைக்குத் தொடர்பே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. முன்பு எடுத்த படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுகிறார்கள். படத்தில் நிற்போர் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தவில்லை. ஆண் பெண் கணக்கும் பொருந்தவில்லை. ஒரே ஆள் பல பட்டியல்களின் படங்களில் காட்சி தருகிறார். பிற்பகல் படம் எடுக்கப்படுவதே இல்லை. இவை என் குற்றச்சாட்டுகள் அல்ல. செயலியைக் கொண்டுவந்தவர்களே எழுதியவை. அவர்கள் விதித்த தீர்வு, கிராமப் பஞ்சாயத்து அளவில் எல்லாப் படங்களையும் மனிதர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது. மனிதரை நம்பமுடியாது என்று வந்த பொறி, நான்கு ஆண்டுகள் கழித்து மனிதரிடமே வந்து நின்றது.

அமைச்சகம் பட்டியலிட்ட முறைகேடுகளுள் ஒன்றுகூட நிரற்பிழை அன்று என்பதைக் கவனியுங்கள். படம் கேட்டது செயலி, படம் கிடைத்தது. எந்தச் சோதனையாளரும் இதில் குறை காட்டியிருக்க முடியாது. பிழை, நிரல் எழுதுமுன்பே நிகழ்ந்துவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள மைக்கேல் ஜாக்சன் உதவுவார். பாடகர் அல்லர், ஆங்கிலேயக் கணினி அறிஞர். உலகமும் பொறியும் என்று பொருள்படும் தலைப்பில் அவர் 1995இல் எழுதிய கட்டுரை, என் துறையில் நுழைவோர் முதலில் படிக்க வேண்டியவற்றுள் ஒன்று. அவர் வழியில் சிந்தித்தால் மூன்று வகைக் கூற்றுகளை நாம் பிரித்தெழுத வேண்டும். உலகில் என்ன நிகழ வேண்டும் என்பது தேவை. பொறி தன் எல்லையில் என்ன செய்யும் என்பது விவரக்குறிப்பு. பொறி அதைச் செய்தால் உலகில் இது நிகழும் என்று நாம் எதை நம்பிச் சொல்கிறோமோ, அது அனுமானம். முதல் இரண்டையும் இணைக்கும் பாலம் மூன்றாவதுதான். நம் ஆவணங்களில் இல்லாததும் அதுவே.

போலந்தில் நடந்தது இப்பாடத்துக்குரிய பழைய எடுத்துக்காட்டு. 1993 செப்டம்பர் 14 அன்று லுஃப்தான்சாவின் ஏ320 விமானம் 70 பேருடன் வார்சாவில் இறங்கியது. எஞ்சினின் எதிர்த்தள்ளல் தரையில் மட்டுமே இயங்க வேண்டும் என்பது தேவை. வானில் இயங்கினால் எல்லாரும் சாவர். ஆனால் 'தரை' என்பதைக் கணினி அறியாது. இருபுறச் சக்கரத் தொகுதிகளும் அழுந்தியதா என்பதையே அறியும். அன்று மழை. ஒருபுறச் சக்கரம் தரை தொட்டு ஏறத்தாழ 9 நொடி கழித்தே மறுபுறம் தொட்டது. சக்கரங்களோ நீர்ப்படலத்தின்மீது வழுக்கின. விமானம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் தரைக்கு வரவில்லை. தடுக்கும் கருவிகள் காலந்தாழ்ந்தே விரிந்தன, விமானம் ஓடுபாதையைத் தாண்டி மேட்டில் மோதியது, இருவர் இறந்தனர். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் மென்பொருள் எழுதியபடியே நடந்தது என்பதுதான் நமக்குரிய செய்தி. 'சக்கரம் அழுந்தினால் தரை' என்னும் அனுமானம் அன்று ஒன்பது நொடிகள் பொய்த்தது.

'படம் ஏறினால் வேலை நடந்தது' என்பதும் அதே இனத்தைச் சேர்ந்த அனுமானம். அதைப் பிரித்தால் உள்ளே எத்தனை உள்ளன! படத்தில் நிற்பவர் பட்டியலில் உள்ளவரே. படம் இன்றைய படமே. காமிராவின் முன் நிற்பது மனிதர், காகிதம் அன்று. இப்படத்தை ஒருவர் எப்போதாவது பார்ப்பார். இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி ஓர் ஊராட்சிச் செயலரிடம் காட்டியிருந்தால், தேநீர் ஆறுமுன் நான்கையும் அடித்திருப்பார். ஐந்தாவது ஒன்றும் உண்டு. மற்ற நான்கையும்விடக் கொடியது. இத்திட்டத்தில் ஊதியம் பெரும்பாலும் அளவிட்ட வேலைக்கே கணக்கிடப்படுகிறது. இவ்வளவு மண் வெட்டினால் இவ்வளவு கூலி. காலையில் தன் பங்கை வெட்டி முடித்தவள் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம், ஆடு மேய்க்கலாம். பொழுதைக் கணக்கிடும் அலுவலக வருகைப்பதிவை இதன்மேல் கவிழ்த்தவுடன், முடித்த வேலைக்குச் சான்றாக அவள் பிற்பகல் வெயிலில் மீண்டும் வந்து நிற்க வேண்டியவள் ஆனாள். 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தொடங்கிய 100 நாள் அறப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று இச்செயலியை நீக்குவது.

இங்கே பயனர் கதை என்னும் புகழ்பெற்ற உத்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'இன்ன பயனராகிய எனக்கு இன்னது வேண்டும், இன்ன பயனுக்காக' என்னும் வாய்பாடு 2001 வாக்கில் லண்டனின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் உருவானது. இன்று நம் ஜிராப் பலகைகள் எல்லாவற்றிலும் அதுவே. எளியது, இனியது, பயிற்றுவிக்க அரைமணி போதும். ஆனால் அது கைப்பேசி பிடித்திருப்பவரையே பயனர் என்கிறது. இச்செயலியின் பயனர் மேட். அடுத்த பயனர் வட்டார அலுவலர். மண் வெட்டுபவள் யார்? அவள் எந்தத் திரையையும் தொடுவதில்லை. கதையில் அவள் பாத்திரமே அல்லள், படத்தின் பின்னணி. யாருடைய கூலிக்காக இச்செயலி இயங்குகிறதோ, அவளுக்காக ஒரு கதைகூட எழுத அவ்வாய்பாட்டில் இடமில்லை. மருத்துவமனை மென்பொருளில் நோயாளியும், கல்விக்கடன் மென்பொருளில் பெற்றோரும் இவ்வாறே காணாமற்போகிறார்கள். ஆகவே பயனர் கதையைத் தலையில் வைத்துக் கொண்டாடும் பயிற்சியாளர்களை நான் கேட்பது ஒன்றே: திரையைத் தொடாமலே அதனால் பாதிக்கப்படுவோரை நீங்கள் எந்த அட்டையில் எழுதுகிறீர்கள்?

இரண்டாவது குற்றவாளி நம் மொழிநடை. 'தொழிலாளர் வருகை நாளுக்கு இருமுறை பதிவு செய்யப்படும்.' அரசாணைத் தமிழிலும் அலுவலக ஆங்கிலத்திலும் இத்தகைய வாக்கியம் ஆயிரக்கணக்கில் உண்டு. யாரால் பதிவு செய்யப்படும்? யார் கைப்பேசியில், யார் செலவில்? பதிவேறாவிட்டால் யார் திருத்துவர்? செயப்பாட்டுவினை இவ்வளவையும் 'படும்' என்னும் மூன்றெழுத்துக்குள் புதைத்துவிடுகிறது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் வாக்கியம் முடியும் என்பதால் நமக்கு இவ்வாபத்து இருமடங்கு. தேவை எழுதும்போது எழுவாய் இல்லாத வாக்கியத்தை நிராகரியுங்கள். இந்த ஒரு விதியே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

மீதிப் பாதிக்கு ஈயர்ஸ் என்னும் முறை உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் விமான எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான தேவைகளை எழுதும்போது அலிஸ்டர் மாவினும் உடன்பணியாற்றியோரும் வகுத்து 2009இல் வெளியிட்டது. எப்போதும் நிகழ்வது, ஒன்று நிகழும்போது நிகழ்வது, ஒரு நிலை நீடிக்கும்வரை நிகழ்வது, குறிப்பிட்ட வசதி இருந்தால் நிகழ்வது, வேண்டாதது நேர்ந்தால் நிகழ்வது என வாக்கியங்களை ஐந்து அச்சுகளில் வார்க்கிறது. என் கணிப்பில் ஐந்தாம் அச்சுக்காகவே இம்முறையைக் கற்கலாம். எழுதிப் பார்ப்போம்: 'எடுத்த படம் 24 மணி நேரத்துக்குள் ஏறாவிடில், செயலி அந்நாளை நிலுவை எனக் குறிக்கும், வரவில்லை எனக் குறிக்காது.' அடுத்தது: 'நிலுவை நாளை ஊராட்சிச் செயலர் தாள் பட்டியலைக் கொண்டு அவ்வாரத்துக்குள் தீர்ப்பார்.' இரண்டு வாக்கியங்கள். இரண்டிலும் எழுவாய் உண்டு, இரண்டையும் சோதிக்கலாம்.

விதிவிலக்கே இல்லாமல் அவர்கள் கட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். இணையம் இல்லாத இடத்தில் படமெடுத்துப் பின்னர் ஏற்றலாம். அதுவும் இயலாத அசாதாரணச் சூழலில், வருகையைக் கையால் பதிய மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு. பல மாநிலங்களில் அவர் மாவட்ட ஆட்சியர். பீகாரில் 2023-24இல் ஒரு நாள் கூலி 228 ரூபாய். அதை மீட்க ஆட்சியர் அலுவலகம்வரை போக வேண்டும் என்று விதித்தவர், பேருந்துக் கட்டணத்தையும் போன நாளின் கூலியையும் கணக்கில் கொள்ளவில்லை. விதிவிலக்கை எழுதினால் போதாது, அது யாருக்கு எட்டும் என்பதையும் எழுத வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

இடையே ஒரு வார்த்தை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களையும், 1998ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 830 தரநிலை நல்ல தேவை ஆவணத்துக்கு வகுத்த எட்டுப் பண்புகளையும் அருகருகே வைத்து, குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும் மயங்க வைத்தலும் அங்கேயே உள்ளன என்று பெருமிதப் பதிவு எழுதலாம். சிலர் எழுதவும் கூடும். ஒப்பீடு சுவையானதே. ஆனால் பத்துக் குற்றங்களுள் ஒன்றும் இல்லாத நூலும் உலகைப் பற்றிப் பொய் சொல்லலாம். பனுவலைத் திருத்துவதற்குரிய கருவி வேறு. பனுவலைப் பணித்தளத்துக்கு எடுத்துப்போய் ஒத்துப் பார்ப்பது வேறு.

அஜைல் அறிக்கை ஆவணத்தைத் தூக்கி எறியச் சொன்னது என்போருக்கு: 2001இல் யூட்டாவில் கூடிய 17 பேர், விரிவான ஆவணத்தினும் இயங்கும் மென்பொருளுக்கு முதன்மை தந்தார்கள், ஆவணத்துக்கும் மதிப்புண்டு என்று அதே பக்கத்தில் எழுதினார்கள். அதைப் படிக்காமல் அவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள். செயற்கை நுண்ணறிவை நம்புவோருக்கு: நீங்கள் தரும் இரண்டு வரி வெறும் விவரக்குறிப்பு. எழுதாமல் விட்ட அனுமானத்தை அப்பொறி வெற்றிடமாக விடாது. வேறெங்கோ, வேறு யாருக்காகவோ எழுதப்பட்ட நிரல்களிலிருந்து எடுத்து நிரப்பும். தடையற்ற இணையம், ஆளுக்கொரு கைப்பேசி, மாதச் சம்பளம், எட்டு மணி நேர வேலைநாள். முன்பு ஓர் இளம் நிரலராவது, "இங்கே சிக்னல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டிருப்பார்.

'வாடிக்கையாளர் சொன்னதைக் கட்டுகிறோம்; அனுமானத்தை ஆராய எங்களுக்கு யார் காசு தருகிறார்கள்?' என்னும் மறுமொழி வரும் என்றும் அறிவேன். ஒப்பந்தப்புள்ளிகள் திரைகளை எண்ணிக் காசு தருகின்றன என்பது மெய்யே. ஆயினும் தேவை, அனுமானம், விவரக்குறிப்பு என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையில் நடுப்பத்தியை நிரப்பி, அதன்கீழ் வாடிக்கையாளரிடம் கையொப்பம் கேட்க ஒரு பிற்பகல் போதும். கையொப்பமிடத் தயங்கும் அதிகாரி அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்.

நடுப்பத்தி நிரம்பிய ஆவணம் ஒன்றேனும், ஒரு பக்கமேனும், உங்கள் நிறுவனத்தில் இருந்தால், இரகசியங்களை மறைத்துவிட்டுப் பின்னூட்டத்தில் இடுங்கள். என் வாதத்தைத் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் மகிழ்ச்சியுடன் வாசிப்பேன்.