மாசி என்பது மாதமா, மீனா?

கருவாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தார்: "மாசி மாதத்தில் காய வைப்பதால்தான் இதற்கு மாசி என்று பெயர்." கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போனார். நம்மில் பலரும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் மாதத்துக்கும் இந்த மாசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாலைதீவாரின் திவெஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். வடமொழி மத்ஸ்யத்தின் வழியில் வந்த சொல். சரக்கை வாங்கிய நாம் பெயரையும் சேர்த்தே வாங்கிக் கொண்டோம். (சிங்களத்தில் 'மஸ்' என்றால் இறைச்சி. மாலைதீவார் ஒருவர் இங்கு வந்து மஸ் கேட்டால் மாட்டிறைச்சிக் கடையைத்தான் காட்டுவார்கள்!) மாசிக்குச் சிங்களவரிடம் உம்பலகட என்று வேறு பெயர் உண்டு.

1343இல் மாலைதீவு சென்று அங்கு காழியாக இருந்த இப்னு பதூதா இதைக் 'குல்புல் மாஸ்' என்று எழுதியிருக்கிறார். சூரை மீனுக்குத் திவெஹியில் 'களுபிலமஸ்' என்று பெயர். களு என்றால் கறுப்பு. அறபுக் காதில் அது அப்படி விழுந்திருக்கிறது. மீனை நான்காக வெட்டி, அவித்து, புகை போட்டு உலர்த்துவார்கள் என்றும், இந்தியா, சீனா, யெமன் வரை அது போகும் என்றும் சொல்கிறார். இன்றும் செய்முறை பெரிதாக மாறவில்லை.

1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தது. மாலைதீவார் சூரையைப் பச்சை மீனாகவே விற்கும் வழியைத் தேடிக் கொண்டார்கள். நமது தென்கரையிலும் மாசி செய்கிறார்கள். அதை மாசி என்று விற்பதில் தவறில்லை. சொல்லின் பொருளே மீன்தானே. ஆனால் அதை 'மாலைதீவு மாசி' என்று சொல்லி, அந்த விலையையும் வாங்கினால் அது பொய்.

ஈரமும் அப்படித்தான். நன்றாகக் காய்ந்த மாசியை ஒன்றோடொன்று தட்டினால் கட்டை போலச் சத்தம் வரும். சரியாகக் காயாததை நிறுத்துக் கொடுத்தால், வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். ஜும்ஆவில் கேட்டுவிட்டுக் கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

நண்பரின் கடையில் இரண்டு மாசியும் ஒரே பெட்டியில், ஒரே விலையில் கிடந்தன. பெயர்க் கதையைச் சொன்னதும் சிரித்தார். பெட்டியைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. அடுத்த முறை வரும்போது இரண்டு பெட்டி, இரண்டு விலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.