கதவைத் திறந்தவனைப் பார்த்துச் சிரித்தோம்

கல்லூரி விடுதியில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' பார்த்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. இசைத்தட்டுக் கடையில் பார்த்த இரண்டு பெண்களை அலெக்ஸ் தன் அறைக்குக் கூட்டிவரும் காட்சி. 'வில்லியம் டெல்' இசை தடதடக்க, படம் கண்டமேனிக்கு வேகமாக ஓடுகிறது. உடுப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் திரும்பக் கட்டிலில் விழுவதுமாக ஒரே கூத்து. விழுந்து விழுந்து சிரித்தோம். "மச்சான், திரும்பப் போடுறா" என்று இன்னொரு தடவையும் பார்த்தோம். சில வருடங்கள் கழித்து, படத்துக்கு மூலமான அந்தோனி பர்ஜெஸின் 1962 நாவலைப் படித்தபோதுதான் தெரிந்தது. அங்கே அந்த இருவருக்கும் பத்து வயதுக்கு மேல் இருக்காது. குடிக்க வைத்து, ஊசி ஏற்றிக்கொண்டு, அலெக்ஸ் அவர்களை வல்லுறவு செய்கிறான்.

குழந்தைகளை வைத்து அதை அப்படியே எடுத்திருக்க வேண்டும் என்று எந்தக் கிறுக்கனும் சொல்ல மாட்டான். ஸ்டான்லி கூப்ரிக் அந்தக் காட்சியை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை, நகைச்சுவையாக மாற்றினார். அங்கிருந்துதான் எனக்கு இந்தப் படத்தோடு சண்டை ஆரம்பித்தது.

நம் சினிமா நண்பர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் செயற்கை இமை வைத்த அந்த முகத்தை டிபியாக வைத்திருப்பவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "தலைவா, இது தேர்வுச் சுதந்திரத்தைப் பற்றிய படம். கெட்டதைத் தேர்வு செய்ய முடியாதவன் மனிதனே இல்லை." படத்தில் சிறைப் பாதிரியார் சொல்லும் வாதம் அது. 1971இலிருந்து விமர்சகர்களும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இப்போது சொல்ல வாய் வரவில்லை. இந்தப் படத்தில் அலெக்ஸ் ஓரிடத்தில்கூட எதையும் தேர்வு செய்வதில்லை.

யோசித்துப் பாருங்கள். முதல் பாதியில் அவன் ஆசை இழுத்த பக்கம் போகிறான். நடுவில் மருந்து ஏற்றி, கண்ணிமைகளைக் கவ்வியால் விரித்துப் பிடித்து, வன்முறைப் படங்களாகக் காட்டி, கையை ஓங்கினாலே குமட்டும்படி செய்கிறார்கள். முடிவில் அந்தக் குமட்டல் போய்விடுகிறது, பழைய ஆசை திரும்புகிறது. நல்லதா கெட்டதா என்று ஒரு நொடி நின்று யோசித்த அலெக்ஸை எந்த ஷாட்டிலாவது பார்த்தீர்களா?

ஆனால் படத்தில் தேர்வு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நடு இரவில் ஒரு வீட்டின் மணி அடிக்கிறது. விபத்து, நண்பன் ரத்தம் கக்கிச் சாகக் கிடக்கிறான், போன் பண்ண வேண்டும் என்று வெளியே ஒரு குரல் கெஞ்சுகிறது. அந்த வீட்டுப் பெண் தயங்குகிறாள். உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருக்கும் எழுத்தாளர், சரி, உள்ளே விடு என்கிற மாதிரி சொல்கிறார். அவள் சங்கிலியை எடுக்கிறாள். அதற்குப் பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். 'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டைப் பாடிக்கொண்டே அலெக்ஸ் செய்வதைத்தான் எல்லோரும் "ஐகானிக் சீன்" என்கிறார்கள். படப்பிடிப்பில் மால்கம் மெக்டவலுக்குச் சட்டென்று தோன்றிய பாட்டாம் அது. அந்தத் தகவல் எல்லா சினிமா ரசிகனுக்கும் மனப்பாடம். அந்தப் பெண் கதவைத் திறந்தது யாருக்கும் ஞாபகமில்லை. முன்பின் தெரியாத ஒருவனை நம்பலாமா வேண்டாமா என்று தயங்கி, நம்புவது என்று முடிவெடுத்தாளே, தேர்வு என்றால் அதுதானே?

பிறகு அவள் இறந்துபோகிறாள். எழுத்தாளர் சக்கர நாற்காலியில் விழுகிறார். சிகிச்சை முடிந்து வெளியே வந்த அலெக்ஸ், அடிபட்டு, மழையில் நனைந்து அதே வாசலில் வந்து விழுகிறான். மறுபடி மணி. மறுபடி கதவு திறக்கிறது. வந்தவன் யாரென்று பார்ப்பதற்கு முன்பே திறக்கிறது! அவன் சிகிச்சைக்கு ஆளானவன் என்று தெரிந்ததும் எழுத்தாளருக்கு அரசாங்கத்துக்கு எதிரான கணக்கு ஒன்று வருகிறது, உண்மைதான். ஆனால் கதவு அதற்கு முன்பே திறந்துவிட்டது.

அந்த மனிதரைப் படம் என்ன செய்கிறது? குளியல் தொட்டியில் கிடந்து அலெக்ஸ் அதே பாட்டை முணுமுணுக்க, மனைவியைச் சிதைத்தவன் இவன்தான் என்று அவருக்குப் புரிகிறது. கேமரா கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்க்கிறது. கண் மேலே செருக, வாய் கோண, உடம்பு உதற, ஒரு கார்ட்டூன். எங்கள் அறையில் அதற்கும் சிரிப்பு. ஒரு மனிதனுக்கு வரக்கூடிய மிக மோசமான நொடி அது, அதைக் கேலிச்சித்திரமாக்கி நம் கையில் கொடுத்துவிட்டார் கூப்ரிக்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. 1944இல், போர்க்கால இருட்டடிப்பில் இருந்த லண்டனில், தன் மனைவியை அமெரிக்கப் படையிலிருந்து ஓடிவந்த நான்கு பேர் தாக்கினார்கள் என்று பர்ஜெஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் காயத்தைத்தான் நாவலின் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். நாவலில் அந்த எழுத்தாளர் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பெயரே 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' தான். தன் தலைப்பையே பர்ஜெஸ் யார் கையில் கொடுத்தார் என்று பாருங்கள்.

மாற்றங்கள் எல்லாம் ஒரே பக்கமாகவே சாய்கின்றன. நாவலில் அலெக்ஸ் சிறைக்குள்ளும் ஒரு கைதியை மிதித்தே கொல்கிறான், அவனைச் சிகிச்சைக்கு அனுப்புவதே அதற்குப் பிறகுதான். படத்தில் அந்தக் கொலை கிடையாது, அமைச்சர் வரும்போது துடுக்காகப் பேசி கண்ணில் படுகிறான், அவ்வளவுதான். நாவலில் பூனைகளோடு தனியாக வாழும் கிழவியை, படம் காம ஓவியங்களுக்கு நடுவே உடற்பயிற்சி செய்யும் எரிச்சலான பெண்ணாக மாற்றுகிறது. பாதிக்கப்பட்டவர்களைச் சிறுக்க வைத்தால் அலெக்ஸ் தானாகப் பெரிதாகத் தெரிவான். வழக்கை இப்படி ஜோடித்துவிட்டு, "இவனுடைய சுதந்திரத்தைப் பறிக்கலாமா?" என்று நம்மிடம் தீர்ப்புக் கேட்டால் என்ன சொல்வோம்?

இது எனக்கு மட்டும் உதித்த ஞானம் இல்லை. படம் வந்த சூட்டிலேயே, 1972 ஜனவரியில் 'நியூயார்க்கர்' இதழில் பாலின் கேல் இந்தச் சாய்வை வெளுத்து வாங்கிவிட்டார். நாம்தான் அதையெல்லாம் படிக்காமல் போஸ்டர் ஒட்டிக்கொண்டோம்.

அதற்கு ரசிகர்களிடம் தயார் பதில் ஒன்று உண்டு. நம்மைச் சிரிக்க வைப்பதன் மூலம் நம்மையும் குற்றவாளியாக்குகிறார், நாற்காலியில் கட்டப்பட்ட அலெக்ஸ் நாம்தான் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலெக்ஸுக்கு அந்த நாற்காலியில் குமட்டியது. எங்களுக்கு எதுவும் குமட்டவில்லை, பசித்தது. படம் முடிந்து பரோட்டா சாப்பிடப் போனோம்.

படத்தில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசியல் கைதிகளுக்குச் சிறையில் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அமைச்சருக்கு இந்தச் சிகிச்சையே தேவைப்படுகிறது. அலெக்ஸின் பழைய ரவுடிக் கூட்டாளிகள் இருவர் போலீஸ் உடுப்பில் வந்து நிற்கிறார்கள். அரசு வன்முறையை ஒழிப்பதில்லை, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு அலட்டாமல் சொன்ன படம் குறைவு.

கடைசியாக அந்த இருபத்தோராவது அத்தியாயம். நாவலின் அமெரிக்கப் பதிப்பில் அதை வெட்டிவிட்டார்கள். திரைக்கதையை ஏறக்குறைய முடித்த பிறகே கூப்ரிக் அதைப் படித்தார், நம்பும்படி இல்லை என்று ஒதுக்கினார். அதில் பதினெட்டு வயது அலெக்ஸுக்கு அடிதடி அலுத்துப்போகிறது, ஒரு குழந்தை வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கும் அது முழுசாக ஒட்டவில்லை. இளமை என்பதே சாவி கொடுத்த பொம்மை மாதிரி முட்டிக்கொண்டு ஓடுவது என்று அங்கே அலெக்ஸ் நினைக்கிறான். அப்படியென்றால் அவன் மாறியதும் தேர்வா, வயதா? ஆனாலும் பர்ஜெஸ் ஒரு மனிதன் மாறக்கூடும் என்று வைத்தார். அதை எடுத்துவிட்டால், சுதந்திரம் என்ற சொல்லுக்கு மிச்சமிருக்கும் பொருள், பனியில் கனவான்கள் கைதட்ட அலெக்ஸ் ஒரு பெண்ணோடு புரளும் அந்தக் கடைசிக் கற்பனைதான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி வருகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அலெக்ஸுக்கு அமைச்சர் கறித்துண்டை முள்கரண்டியால் குத்தி ஊட்டிக்கொண்டே பேசுகிறார். போகிற போக்கில், உன்மேல் கொலைவெறியோடு திரிந்த அந்த எழுத்தாளனால் இனி உனக்கு ஆபத்தில்லை, அவனை உள்ளே தள்ளிவிட்டோம் என்கிறார். மனைவியை இழந்தவர், நடக்க முடியாதவர், இரண்டு தடவை கதவு திறந்த வீட்டுக்காரர். இந்த முறை எழுதுவதற்காகத் திரும்பப் பார்த்தபோதுதான் அந்த வசனம் என் காதில் விழுந்தது. விடுதியில் பார்த்த இரவு, அலெக்ஸ் வாயைத் திறந்து திறந்து மூடுகிற அழகைப் பார்த்து நாங்கள் ஆறு பேரும் கத்திக்கொண்டிருந்தோம்.