கரிசல் வெயிலுக்கு ஒரு மருந்துச் சீட்டு

எப்போதும்வென்றான்,
தூத்துக்குடி மாவட்டம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,



மானாவாரிக் கரிசலில் உளுந்தும் கொத்தமல்லியும் சூரியகாந்தியும் விதைக்கிறவன் நான். காட்டு ஓரத்து வேப்பமர நிழலில் பதினான்கு இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். போன மாசிக் கடைசியில் தேன் எடுத்து முடித்த நாலாம் நாள், பெட்டி வாசலில் இளம் ஈக்கள் பறக்க மாட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. இறகெல்லாம் சருகு போலச் சுருண்டிருந்தது. ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன். வயிற்று மடிப்பில் கடுகளவுக்குச் செம்பழுப்பாக ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. வரோவா.

உரக்கடை அண்ணாச்சியிடம் போனேன். “மிளகாய்ச் செடிச் சிலந்திக்கு அடிக்கிற மருந்துதான். ஒரு மரப்பட்டையை அதில் முக்கி, சட்டத்துக்கு நடுவே தொங்க விடுங்க” என்றார். எவ்வளவு முக்க வேண்டும், எத்தனை நாள் தொங்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது. அவர் மேல் குற்றமில்லை. அவரிடம் சொன்னவர் யாருமில்லை. பங்குனி முடிவதற்குள் ஆறு கூடுகள் போயின. கொன்றது உண்ணியா, மருந்தா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐயா, இந்த மடல் நட்டஈடு கேட்டு எழுதியதல்ல. ஒரு மருந்துச் சீட்டு கேட்டு எழுதுகிறேன்.

உலகத்தில் வரோவாவுக்கு மருந்து இல்லாமல் இல்லை. பார்மிக் அமிலம் இருக்கிறது; மூடிய புழு அறைக்குள்ளும் புகுந்து உண்ணியைக் கொல்லும். ஆனால் அதன் பட்டைகளை, பகல் வெப்பம் சுமார் 29.5 டிகிரியைத் தாண்டினால் வைக்காதே என்கிறது அவற்றின் குறிப்பு. மீறினால் புழுவும் ராணியும் சாகலாம். ஓமத்திலிருந்தும் எடுக்கிற தைமாலுக்கு, தயாரிப்பைப் பொறுத்து 35 அல்லது 40 டிகிரி எல்லை. எங்கள் ஊரில் மார்கழி நண்பகலே 30 டிகிரியைத் தொடும். தேன் அறை பெட்டிமேல் இருக்கும்போது பல மருந்துகளை வைக்கக்கூடாது. எங்களுக்குக் கொத்தமல்லியும் சூரியகாந்தியும் பூத்து, தேன் எடுத்து ஓய்வது மாசியில். மருந்து வைக்கக் கை ஓயும் நேரத்தில் பங்குனி வெயில் வந்து நிற்கிறது. குளிர்நாட்டுக்காரன் எழுதிய சீட்டு கரிசலுக்குப் பொருந்தாததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மிஞ்சுவது புளூவாலினேட், அமிட்ராஸ் பட்டைகள். இவற்றுக்கு வெயில் பெரிய தடையில்லை. ஆனால் புளூவாலினேட் மெழுகில் தங்கிவிடும். ஒரே மருந்தை ஆண்டு தவறாமல் வைத்தால் உண்ணி அதற்குப் பழகிக்கொள்ளும். இத்தாலியில் 1990-களின் தொடக்கத்திலேயே புளூவாலினேட்டை மீறும் உண்ணி வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள மருந்து எதுவும் இல்லை ஐயா.

இன்னொன்று ஆக்சாலிக் அமிலம்; மலிவானது. சீனியும் நீரும் ஒன்றுக்கொன்றாகச் சேர்த்த பாகு ஒரு லிட்டரில் 35 கிராம் கரைத்து, ஈக்கள் நிற்கும் ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் 5 மில்லி சொட்டுவிடும் முறை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஒரு கூட்டுக்கு 50 மில்லிக்கு மேல் கூடாது. ஆனால் அது ஈயின் உடம்பில் ஒட்டியிருக்கும் உண்ணியைத்தான் கொல்லும். மூடிய அறைக்குள் பெருகுவதைத் தொடாது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும். அப்போது ஊற்றினால் தப்ப இடமில்லை. எங்களுக்குப் பனிக்காலம் ஏது?

இங்கேதான் எனக்கொரு யோசனை. பனிக்காலம் இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பூவில்லாக் காலம் உண்டு. வேம்பும் பனையும் ஓய்ந்தால், சீமைக்கருவேலம் பூத்ததுதான் ஈக்குக் கதி. அந்தக் கோடையில் கூடு தானாகவே சுருங்குகிறது. அப்போது ராணியை ஒரு சிறு கூண்டில் 24 நாள் அடைத்துவைத்தால் (வேலைக்கார ஈ பிறக்க 21 நாள், ஆண் ஈ பிறக்க 24) கூட்டில் மூடிய புழுவே இருக்காது. அன்று ஆக்சாலிக் சொட்டுவிட்டால் வரோவாவுக்கு ஒளிய இடமில்லை. மலைத்தேனீயிடமிருந்து இத்தாலியத் தேனீக்குத் தாவிய டிரோபிலேலாப்ஸ் உண்ணியை ஒழிப்பது இன்னும் எளிது. வளர்ந்த ஈயைக் கடித்து வாழ அதனால் இயலாது. புழு இல்லாவிட்டால் சில நாளில் செத்துப்போகும். எங்கள் வறட்சியே எங்கள் மருந்துக் காலம் ஆகலாம்.

ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். நாற்பது டிகிரியில் புது ஈ பிறக்காத கூடு தாங்குமா, எத்தனை சட்டங்களில் ஈ நிறைந்திருந்தால் தாங்கும், எவ்வளவு சீனிப்பாகு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சோதித்துச் சொல்ல வேண்டியவை. நான் சோதித்துத் தோற்றால் கூடு போகும். நீங்கள் சோதித்துத் தோற்றால் பாடமாவது மிஞ்சும். 1901 முதல் கரிசலுக்கென்றே பயிர் பார்த்துவரும் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் உங்களுக்கு இருக்கிறது. கிள்ளிகுளத்தில் கல்லூரி இருக்கிறது. இந்த வெயிலிலேயே மூன்று கோடை பாருங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, மருந்துக்கு முன்னால் உண்ணியை எண்ணச் சொல்லிக்கொடுங்கள். வலைமூடி போட்ட பாட்டிலில் அரை டம்ளர், ஏறக்குறைய 300 ஈக்கள். ராணி அதில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இரண்டு கரண்டி சீனிப்பொடி போட்டு உருட்டி, கவிழ்த்துக் குலுக்கினால் உண்ணி உதிரும்; ஈ பிழைத்துக்கொள்ளும். நூறு ஈக்கு இரண்டு, மூன்று உண்ணி வந்தாலே அமெரிக்காவில் மருந்து வைக்கிறார்கள். நம் வெயிலுக்கு அந்த எண் எது? டிரோபிலேலாப்ஸ் இந்தச் சோதனையில் அவ்வளவாகச் சிக்காது. அதற்குப் புழு அறையைக் கீறிப் பார்க்க வேண்டும். இவற்றைத் தமிழ் மாதக் கணக்கில் ஒரே தாளில் அச்சடித்து உரக்கடைச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். அண்ணாச்சியும் படித்துக்கொள்வார்.

மூன்றாவது, மானியத்தில் பெட்டி கொடுக்கும் துறைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எண்ணிப் பார்க்காத இத்தாலியக் கூடு விவசாயி வீட்டுக்கு வரக்கூடாது. கூடவே, நம் இந்தியத் தேனீயையும் நினைவூட்டுங்கள். வரோவாவோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய இனம் அது. ஈக்கள் ஒன்றின் உடம்பிலிருந்து ஒன்று உண்ணி பொறுக்கும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் ஈப் புழுவில்தான் பெருக முடியும். அதற்கு வேறு பகை உண்டு, மறுக்கவில்லை. 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் அதன் கூடுகளை வாரிக்கொண்டு போனது. ஆயினும், தேன் குறைவாகத் தந்தாலும் உண்ணி மருந்து கேட்காத ஈ எங்களைப் போன்ற கைக்கு ஏற்றது.

என்னிடம் எட்டுப் பெட்டிகள் மிச்சம். அவற்றில் நான்கைச் சோதனைக்குத் தருகிறேன். நான்கை ஒன்றும் செய்யாமல் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் சிம்பில் ராணிக்கூண்டு நாலு செய்தும் வைத்திருக்கிறேன். எந்த நாளில் அடைப்பது என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
எப்போதும்வென்றான் தேனீ வளர்ப்போன் ஒருவன்