லோடு வண்டி: டீசலா, பெட்ரோலா?

காரைக்குடியில் லோடு வண்டி எடுக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், என்ன ஏற்றப் போகிறாய், எங்கே ஓட்டப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் "டீசல் எடுப்பா" என்றுதான் பதில் வரும். வண்டி ஸ்டாண்டில் கேட்டாலும் அதுதான், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டாலும் அதுதான். ரொம்ப காலம் அந்தப் பதில் சரியாகவே இருந்தது. இன்று காலையில் கழனிவாசல், மதியம் கோட்டையூர், சாயங்காலம் தேவகோட்டை என்று சுற்றுகிற வண்டிக்கு அது சரியில்லை. கடன் போட்டு வண்டி எடுக்கிற இளம்பிள்ளைகள் ஐந்து வருடம் தவணை கட்ட வேண்டிய விஷயம் இது. அதனால் இந்த வாரம் கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன்.

என் அக்கா மகன் பலகாரம் போட்டு விற்கிறான். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம். புதுவயல், கல்லல், திருமயம் வரை கடைகளுக்குப் போடுகிறான். வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை என்று சொந்தமாக ஒன்று வாங்க வந்து நின்றான். "மாமா, எல்லாரும் டீசலத்தான் எடுங்கறாங்க. பெட்ரோல் வண்டி லோடு இழுக்காதாம், நாலு வருஷத்துல மெஷின் போயிருமாம்" என்றான். "நீ ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஏத்துறே?" என்று கேட்டேன். யோசித்தான். அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்கவே இல்லை.

டீசல் மீது நம் ஆட்களுக்கு இருக்கிற நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 2005இல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் குட்டி யானை என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். கைக்கு அடக்கமான டீசல் இன்ஜின், உள்ளூர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டிவிடலாம். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன் ஏற்றலாம். பொலேரோ பிக்கப் அதற்கு முன்பிருந்தே இருந்தது. அந்தக் காலத்து எரிபொருள் விலையையும் நினைத்துப் பாருங்கள். 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் ஏறி, சென்னையில் 77 ரூபாயைத் தாண்டியது. டீசல் அதைவிட 30 ரூபாய்க்கு மேல் குறைவு. அப்போது பெட்ரோல் லோடு வண்டியைப் பற்றி யோசித்தவன் பிழைக்கத் தெரியாதவன்.

அந்த 30 ரூபாய் போய்விட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. டீசலுக்குக் குறைக்கவில்லை. 2024 மார்ச்சில் இரண்டும் லிட்டருக்கு 2 ரூபாய் இறங்கியபின் பெட்ரோல் நூறைச் சற்றுத் தாண்டியும், டீசல் தொண்ணூற்று இரண்டு, மூன்று ரூபாயிலும் நின்றன. வித்தியாசம் எட்டு ரூபாய்தான். ஆனாலும் ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம், டீசல் இன்ஜின் அதை வீணாக்காமலும் எரிக்கும். எனவே மைலேஜில் டீசல்தான் இன்றும் முன்னால் நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம். சின்ன வண்டியில், லோடோடு, பெட்ரோலுக்கு 16 கிலோமீட்டர், டீசலுக்கு 20 கிலோமீட்டர் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு 6,300 ரூபாய், டீசலுக்கு 4,650. டீசல்காரருக்கு மாதம் 1,650 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இனி வண்டி விலை. 2025 ஜூனில் ஏஸ் புரோ பெட்ரோல் வண்டியை 3.99 லட்சம் ஷோரூம் விலையில் டாடா இறக்கியது. அதே வருடம் செப்டம்பரில் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசல் 5.52 லட்சம். செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதால் இன்றைய விலையை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்றே வைப்போம். மாதம் 1650 மிச்சத்தில் அதை எடுக்க ஏழரை வருடம் ஆகும். அந்த ஒன்றரை லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் முதல் வருடம் மட்டும் பதிமூன்றாயிரத்துக்கு மேல் ஃபைனான்ஸ்காரருக்குப் போகும். டீசலில் மிச்சமானதில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது.

மாதம் 3000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக் கதை வேறு. மாதம் ஐந்தாயிரம் மிச்சம், இரண்டரை வருடத்தில் அதிக விலை வசூலாகிவிடும். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கும் மதுரை மாட்டுத்தாவணிக்கும் தினம் போய் வருகிற காய்கறி வண்டிகள் இந்தக் கணக்கில் வரும். அவர்கள் டீசல் எடுப்பதுதான் முறை.

பணக்கணக்கைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 வண்டிதான் விற்க முடியும். புகை குறைய வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நம் பிள்ளைகள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். ஆனால் அதற்காக டீசல் வண்டியின் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி வந்தது. பட்டறையில் டிபிஎஃப் என்பார்கள். தேவகோட்டை ரோட்டில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றி வைத்திருந்தபோது குனிந்து பார்த்தேன். ஒரு எஃகு டப்பா, அதற்குள் தேனடை மாதிரி கண் கண்ணாகப் பீங்கான். ஒரு கண் விட்டு ஒரு கண் அடைத்திருக்கும், புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியே போக வேண்டும், கரி உள்ளேயே தங்கிவிடும். விரலால் தொட்டேன். மை போல அல்ல, மாவு போல ஒட்டியது, துணியில் துடைத்தும் போகவில்லை.

இந்தக் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். அதற்கு அந்த டப்பா 550, 600 டிகிரி சூடாக வேண்டும். அந்தச் சூட்டுக்கு வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். செக்காலையில் ஏற்றி, கடைக்குக் கடை நிறுத்தி, நூறடிச் சாலையில் சிக்னலில் நின்று போகிற வண்டி எப்போது அந்தச் சூட்டைப் பார்க்கும்? பாதியில் இன்ஜினை அணைத்தால் கரி எரியாது. கரியை எரிக்க உள்ளே விட்ட டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயிலையும் நீர்க்கச் செய்யும். பிறகு மஞ்சள் லைட் எரியும், இழுவை குறையும், கடைசியில் வண்டி நகர மறுக்கும். "அண்ணே, பழைய வண்டின்னா நாசிலக் கழட்டிப் பாத்து சரி பண்ணிருவேன். இப்ப கம்ப்யூட்டர மாட்டாம அந்த லைட் அணையாது, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்ககிட்டதான் இருக்கு" என்றார் பட்டறைக்காரர். அவர் முப்பது வருடமாக டீசல் பம்பு பார்த்த கை.

சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை. வினையூக்கிப் பெட்டி அதற்கும் உண்டு, ஆனால் அது சீக்கிரம் சூடாகிவிடும். ஸ்பார்க் பிளக், ஃபில்டர், ஆயில் என்று பராமரிப்பு உள்ளூரிலேயே முடியும். மாருதி 2016இல் சூப்பர் கேரியை 793 சிசி டீசல் இன்ஜினோடுதான் கொண்டுவந்தது. பிஎஸ் 6 வந்ததும் டீசலையே விட்டுவிட்டு 1.2 லிட்டர் பெட்ரோலோடு அதே வண்டியை விற்கிறது. சின்ன டீசல் இன்ஜினுக்கு இத்தனை கருவியைப் பூட்டி விற்றால் கட்டாது என்று தயாரிப்பவரே முடிவு செய்தபின், வாங்குகிற நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

லோடு இழுக்காது என்கிற பேச்சுக்கு வருகிறேன். அது ஏற்றுகிற சாமானைப் பொறுத்தது. பலகாரத்தில் டப்பா டப்பாவாக ஏற்றிப் பின்பாடி நிறைந்து தார்ப்பாய் கட்டினாலும் எடை ஐந்நூறு கிலோவைத் தொடாது. ஆத்தங்குடிக் கல்லை ஏற்றிப் பாருங்கள். முக்கால் அங்குலத் தடிமனுள்ள சிமெண்டுக் கல் சதுர அடிக்கு நாலு கிலோ நிற்கும். ஒரு சின்ன அறைக்கு 200 சதுர அடி என்றால் 800 கிலோ. பின்பாடியின் அடியில் இரண்டு வரிசை, மேலே முழுக்கக் காலி, ஆனால் பட்டை வளைந்துவிடும். ஒரு வீட்டுக் கூடத்துக்கு 1000 சதுர அடி என்றால் நாலு டன், தோஸ்த்திலேயே நாலு நடை. புதுவயல் ஆலையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுகிறவருக்கும் இதே கதைதான். கல்லும் அரிசியும் ஏற்றுகிறவர் பெட்ரோல் சின்ன வண்டியை எடுத்து ஒரு டன்னைத் திணித்தால் கிளட்ச் பிளேட் தேயும், மைலேஜ் பத்துக்கு இறங்கும். அப்போது வண்டியைத் திட்டுவது நியாயமில்லை. அவருக்கு ஒன்றேகால் டன் டீசல்தான் வண்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சீமை சமதரை. ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வண்டி ஏற வேண்டிய ஏற்றமே இல்லை. குறைந்த சுற்றில் முழு இழுவை தருவது டீசலின் பெரிய பலம், அது கொடைக்கானல் ஏறுகிற வண்டிக்குக் கட்டாயம் வேண்டும். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவே அந்தப் பலத்துக்கு வேலை குறைவு.

பெட்ரோலிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பம்பில் வருவது இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். புது வண்டிகள் அதற்கென்றே செய்தவை. 2023க்கு முந்தைய பழைய பெட்ரோல் வண்டியை வாங்குவதாக இருந்தால் மட்டும் ரப்பர் குழாய், பம்பு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். சிஎன்ஜி சேர்ந்த வண்டி செலவில் இன்னும் மலிவு, உங்கள் வழியில் பம்பு இருந்தால் தாராளமாக எடுக்கலாம். மின்சார வண்டியும் வந்துவிட்டது. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் நடக்கிற ஊர் நம்முடையது. பேட்டரியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ராத்திரி சொந்தக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போட முடிந்தவர், தினமும் ஒரே சுற்று ஓடுகிறவர் அதைப் பார்க்கலாம். மற்றவர்கள் இன்னும் இரண்டு வருடம் பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

காகித விஷயம் இரண்டு. லோடோடு சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். வாங்கும்போது அந்த எண்ணை ஆர்சியில் பாருங்கள். கார் ஓட்டுகிற சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. பேட்ஜ் இல்லை என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். எஃப்சியை மட்டும் தேதி தவறாமல் காட்டுங்கள்.

வைகாசியும் ஆவணியும் தையும் நம் ஊர் வண்டிகளுக்கு அறுவடை. கல்யாண வீட்டுக்குச் சமையல் சாமான் ஏற்றிப் போகிற வண்டி விடியற்காலையில் வழியில் நின்றால் அந்த வீட்டுப் பந்தியே நின்றுபோகும், அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் வாங்குமுன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை கிலோ ஏற்றியது, எத்தனை இடத்தில் நின்றது. மாதம் 1500 கிலோமீட்டருக்குள், எடை 700 கிலோவுக்குள் என்றால் பெட்ரோல் எடுங்கள். மாதம் 2500ஐத் தாண்டினாலோ, தினமும் ஒரு டன் ஏற்றினாலோ டீசல் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வருகிறவர்கள், நீங்கள் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில் அந்த மாடலுக்கான கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.